அளவெடுத்து வெட்டிய கண்ணாடி

மாநகராட்சியின் பழைய கட்டடப் பிரிவில் அவர் வகித்த பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் சுருக்கி ஓவர்சியர் என்றார்கள். சந்தைக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பழைய வீட்டுத் தெருக்களில் அவரைச் சில்லுக்காரர் என்றார்கள். பை நிறையக் கண்ணாடிச் சில்லுகளைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற மனிதருக்கு வேறு பெயர் ஒட்டாது.

அந்த வேலையை விளக்க அதிக நேரம் பிடிக்காது. சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. அது என்றைக்கோ விழுந்து அப்படியே தூங்குகிறதா, இன்னும் வளர்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி வைத்து, முனைக்கொரு பொட்டு சிமெண்ட் அப்பிவிட வேண்டும். மேலே பெயிண்டால் தேதி எழுத வேண்டும். சில மாதம் கழித்து வந்து பார்க்க வேண்டும். சுவர் அசைந்திருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும். கண்ணாடிக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. மாநகராட்சியில் அந்தக் குணம் உள்ள ஒரே ஊழியர் இந்தச் சில்லுதான் என்று அவர் சில சமயம் நினைத்ததுண்டு. அந்தக் கணக்கில் தன்னை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த அளவுக்கு நேர்மை அவரிடம் இருந்தது.

‘பழைய தனியார் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டம்’ என்பது திட்டத்தின் பெயர். கண்ணாடி உடைந்தால், கட்டடம் உயிருக்கு ஆபத்தானது, உடனே காலி செய்க என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டப்படும். காலி செய்து எங்கே போவது என்ற கேள்விக்கு, அது பரிசீலனையில் இருப்பதாக நோட்டீஸின் கடைசி வரியிலேயே பதில் இருந்தது. கண்ணாடி உடையாவிட்டால் கட்டடம் உறுதியானது. மாநகராட்சிக்கு அங்கே வேலை இல்லை. இரண்டில் எது நடந்தாலும் யாரும் ஒரு செங்கல்லைத் தொடப்போவதில்லை. மேம்பாடு என்ற சொல் திட்டத்தின் பெயரில் பத்திரமாக இருந்தது.

முதல் நோட்டீஸ் ஒட்டப்பட்டதோடு தெருக்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வார்டில் ஒரு கண்ணாடியும் உடையவில்லை. கதவு மூடாத வீட்டில் உடையவில்லை. மாடிப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏறுகிறவர்கள் எல்லாம் குடித்தவர்கள் மாதிரி ஏறும் வீட்டில் உடையவில்லை.

சில்லுக்காரர் முட்டாள் இல்லை. ஒரு வீட்டுச் சமையலறையில் சுவரெல்லாம் கரியேறிக் கிடக்க, விரிசலின் மேல் சில்லு மட்டும் பளிங்கு மாதிரி மின்னியது. அந்த வீட்டு அம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டாள்.

“தினமும் தொடைச்சு வைக்கிறோம் சார். கவர்மெண்ட் சொத்தாச்சே.”

அவர் ‘உடையவில்லை’ என்று எழுதிக்கொண்டார். அது பொய் இல்லை. சில்லு உடையாமல்தான் இருந்தது. எந்தச் சில்லு என்று கேட்பதற்கு அந்தத் தாளில் இடம் விடவில்லை.

மாற்றுச் சில்லுகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. அந்த வட்டாரத்தில் கண்ணாடி வெட்டுகிற கடை ஒன்றே ஒன்றுதான். படங்களுக்குப் பிரேம் போடும் கடை. மாநகராட்சியே சில்லுகளை அங்கேதான் வாங்கியது. பிரேமுக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை ஒரு மரக்கட்டை அச்சில் வைத்து, எல்லாம் ஒரே நீளமாக வெட்டிக் கொடுப்பார் கடைக்காரர். அதே கண்ணாடி, அதே அச்சு. வாங்க வருகிறவர் மாநகராட்சியா, மாட்டிக்கொண்ட வீட்டுக்காரரா என்று கண்ணாடி பார்ப்பதில்லை. செத்தவர்களின் படத்துக்குக் கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் எழுதிப் பழகிய கை கடைக்காரருடையது. சில்லின் மேல் யார் எழுத்தில் வேண்டுமானாலும் தேதி எழுதிவிடும்.

அந்தக் கடைக்காரர் சில்லுக்காரருடைய அக்காவின் கணவர்.

அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அக்கா. அவள் கல்யாணமாகி இந்தக் கடை வீட்டுக்கு வந்தபோது கட்டில், பீரோ, பாத்திரங்களோடு தம்பியும் வந்து இறங்கினான். முன்னால் கடை, நடுவில் கூடம், கடைசியில் ஒரு சின்ன அறை. அந்தப் பின்னறையில் படுத்துத்தான் அவர் படித்தார், வரைபடம் போடக் கற்றுக்கொண்டார், வேலைக்கான உத்தரவைப் பிரித்தார். கல்யாணமானதும் மாநகராட்சிக் குடியிருப்புக்குப் போய்விட்டார். அது புது வீடு. மழைக்கு ஒழுகும், ஆனால் விழாது. அவர் போன பிறகு பின்னறையில் அக்கா கட்டிலைப் போட்டுக்கொண்டாள்.

அந்த அறையின் மூலையில், பின்சுவர் பக்கச்சுவரோடு சேருமிடத்தில், மேலிருந்து கீழாக ஒரு விரிசல். வார்டில் அவர் முதலில் சில்லு ஒட்டியது அங்கேதான். அன்றைக்கு அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தி, ஊரெல்லாம் என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே ஊகித்தவராகச் சொன்னார்:

“அக்கா, இத மட்டும் யாரும் தொடக்கூடாது. உடைஞ்சா உடைஞ்சதுதான். எனக்குச் சொல்லிடணும்.”

“உடைஞ்சா என்னடா பண்ணுவே? எனக்கு நோட்டீஸ் ஒட்டுவியா?”

“உடையட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

அவள் அவர் தலையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள். அவள் சத்தியம் பண்ணினால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது அவருக்குத் தெரியும். உடைந்தால் அவள் இந்த வீட்டை விட வேண்டும், கடையும் போய்விடும் என்பதும் தெரியும். உடைந்ததைச் சொல்லாவிட்டால் அவள் தலைமாட்டில் இருக்கும் சுவர் ஒரு நாள் அவளுக்கு முன்னால் முடிவெடுத்துவிடும் என்பதும் தெரியும். இரண்டில் எது மோசம் என்று யோசிக்காமல் இருக்க, சில்லு முழுசாக இருந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு மாதமும் போய் அந்தச் சில்லைப் பார்த்தார். அது முழுசாக இருந்தது. அடுப்புப் புகையும் தூசியும் படிந்து, கிழடுதட்டி, நம்பத் தகுந்ததாக இருந்தது.

வார்டு முழுக்கப் பொய். இந்த ஒன்று மட்டும் உண்மை. ஒரு மனிதன் தன் வேலையைச் சகித்துக்கொள்ள அவ்வளவு போதும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவருடைய மனைவிக்கு அப்படித் தோன்றவில்லை.

“உடையறதுக்குன்னு ஒட்டுறீங்க. உடையலேன்னா சந்தோஷப்படுறீங்க. இது என்ன வேலைங்க?” என்று அவள் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

இதற்கிடையே பிரிவின் பொறியாளர் சும்மா இருக்கவில்லை. வயதில் இளையவர், கண்ணியமானவர், எண்களைப் பார்த்தால் உருகிவிடுகிற ஆள். வார்டில் எத்தனையோ சில்லுகள் ஒட்டி, முதல் நோட்டீஸுக்குக் காரணமான ஒன்றைத் தவிர ஒன்றுகூட உடையவில்லை என்பதை ஒரு வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. திட்டம் தொடங்கிய பிறகு கட்டடங்கள் அசைவதையே நிறுத்திவிட்டன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கண்ணாடி ஒட்டியதால்தான் சுவர்கள் நின்றன என்று அவர் நேரடியாக எழுதவில்லை. படிக்கிறவர் அப்படி எடுத்துக்கொண்டால் தடுக்காத மாதிரி எழுதினார். ஆணையர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

வார்டுக்கு ‘உறுதிமிக்க குடியிருப்புப் பகுதி’ என்று பட்டம் சூட்ட முடிவாயிற்று. தெருவைப் பார்த்த சுவர்களுக்கு மட்டும் வெளிர்நீலம் அடிக்க உத்தரவு வந்தது. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் வேகமானவர்கள்; ஒரு வீட்டின் ஜன்னலைத் திறக்க முடியாதபடி சேர்த்துப் பூசிவிட்டுப் போனார்கள். தெருமுனையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நிறத்தில், பல்செட் மாதிரி வரிசையாக இருந்தது. பட்டத்தை அறிவிக்கும் கல்வெட்டைத் தெருமுனை வீட்டில் பதிப்பது என்றும், அதை ஆணையரே திறந்துவைப்பார் என்றும் ஏற்பாடு. தெருமுனை வீடு பிரேம் கடை.

கடைக்கார மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்வெட்டு இருக்கிற கடை என்றால் கேட்கவா வேண்டும் என்றார். அக்கா மட்டும், கல்லை மாட்டும்போது மேலிருக்கிற பெயிண்டைக் கெடுக்காமல் இருப்பார்களா என்று கேட்டாள்.

விழா நாள் காலையில் சில்லுக்காரர் நேரத்தோடு வந்துவிட்டார். வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு மேடை எழும்பிக்கொண்டிருந்தது. மரக்கால்கள் நட்டாயிற்று, பலகைகள் பாதி வந்தாயிற்று. கொத்தனார் ஒருவர் கல்வெட்டுக்கு ஆணி இறக்க, முன்சுவரில் டிரில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் மாமா கடைக்குள் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. சில்லுக்காரர் கூடத்தைத் தாண்டிப் பின்னறைக்குப் போனார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.

டிரில் ஓடும்போதெல்லாம் பின்னறைச் சுவர் உறுமியது. டம்ளரில் தேநீர் வட்டம் வட்டமாகச் சிலிர்த்தது. அவருடைய கண் தானாகச் சில்லுக்குப் போயிற்று. உடையவில்லை. முன்சுவரில் துளை போட்டால் பின்சுவர் வரை இவ்வளவு அதிர்கிறதே, எதற்கும் இருக்கட்டும் என்று, பழைய சில்லுக்குக் கீழே இன்னொன்று ஒட்டிவைக்க நினைத்தார். பையிலிருந்து புதுச் சில்லை எடுத்து, பழையதற்கு நேர்கீழே வைத்துப் பார்த்தார்.

புதுச் சில்லு குட்டையாக இருந்தது.

திருப்பி வைத்தார். அப்போதும் குட்டைதான். ஒரு விரல் பருமன் குறைந்தது. பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதுவும் அதே குட்டை அளவுதான். எல்லாச் சில்லும் ஒரே மர அச்சில் வெட்டியவை; அக்கா வீட்டில் ஒட்டியதும் அந்த அச்சில் வெட்டியதுதான். தன் கையாலேயே ஒட்டினார். சுவரில் இருப்பது எப்படி நீண்டது?

விரிசலின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு ஓர் அருவிப் படம் தொங்கியது. முன்பு அங்கே ஒரு சின்னப் பறவைப் படம் இருந்தது அவருக்கு நினைவு வந்தது. நடுவில் ஒரு முறை அது சற்றுப் பெரிய மலைப் படமாக மாறியதும் நினைவு வந்தது. மாமாவுக்கு வீட்டை அழகுபடுத்துவதில் இவ்வளவு ஆர்வமா என்று அப்போது நினைத்திருக்கிறார். படத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். பின்னால் பிரேமுக்குப் பூசுகிற பட்டி பூசி, சுவரின் நிறத்துக்கே வண்ணம் தீட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பட்டி பாளமாகக் கழன்று விழுந்தது. விரலை வைத்தார். உள்ளே போயிற்று.

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

மாமாவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. டிரில் சத்தம் நின்ற இடைவெளியில், அவரே தேநீர் கேட்டுக்கொண்டு வந்தார். கழற்றி வைத்த அருவியைப் பார்த்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

“மாமா, இந்தச் சில்லு நீளமா இருக்கே.”

“பழசு மாப்ளே. அப்ப ஒரு அளவு, இப்ப ஒரு அளவு.”

“அச்சுக்கட்டை ஒண்ணுதானே மாமா இருக்கு.”

மாமா கொஞ்ச நேரம் கைகளைத் துண்டில் துடைத்தார். கை ஈரமாக இல்லை.

“நீ ஒட்டின சிமெண்ட் பொட்டு ரெண்டையும் நான் தொடல. உடைஞ்ச துண்ட மட்டும் எடுத்துட்டு அதே பொட்டு மேல புதுசு வச்சு, கரியும் தூசியும் பூசினேன். அடுத்த தடவ பாத்தா பொட்டு ரெண்டும் விலகிப் போச்சு. அச்சுல வெட்டினது எட்டல. எட்டாத கண்ணாடிய எப்படி மாப்ளே மாட்டறது? காலமெல்லாம் பிரேமுக்கு அளவெடுத்து வெட்டின கை இது. இடைவெளி விட்டு மாட்ட எனக்கு வராது.”

ஏமாற்றுக்காரர்கள் பொதுவாக அலட்சியத்தால் மாட்டிக்கொள்வார்கள். மாமா தொழில் சுத்தத்தால் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு முறை சுவர் விலகியபோதும், எவ்வளவு விலகியதோ அவ்வளவு நீளமாக, மயிரிழை பிசகாமல் வெட்டி மாட்டியிருக்கிறார். மாநகராட்சி அந்த வார்டில் ஒரு சுவரையும் அளக்கவில்லை. அளந்த ஒரே மனிதர் அதை மறைப்பதற்காக அளந்தார்.

“எத்தன தடவ?” என்று அக்கா கேட்டாள்.

மாமா அருவிப் படத்தை எடுத்துச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“என் தம்பி தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினேன் நான். என்னைய இந்த அறையிலயே வச்சுக்கிட்டு, என் தலைமாட்டுலயே...” அவள் குரலை உயர்த்தவில்லை. “சுவத்த பாத்தா பயமா இருந்துச்சுன்னுதான் நீங்க மட்டும் கடையில படுத்தீங்களா? காத்து வரலேன்னு சொன்னீங்களே.”

“உன்னையும் வந்து படுன்னு எத்தன தடவ கூப்பிட்டேன்.”

“எதுக்குன்னு சொன்னீங்களா?”

மாமா மச்சான் பக்கம் திரும்பினார். அவருக்கும் ஒரு சப்பைக்கட்டு தேவைப்பட்டது. அது முழுக்கச் சப்பைக்கட்டாக இல்லாமல் போனதுதான் வேதனை.

“உடைஞ்சுதுன்னு சொன்னா நோட்டீஸ நீதான் ஒட்டணும் மாப்ளே. உன் கையால. அது உனக்கு வேண்டாம்னு நெனச்சேன்.”

முன்சுவரில் டிரில் மறுபடி ஓடியது. கழன்ற பட்டியின் தூள் விரிசலிலிருந்து மெல்ல உதிர்ந்தது. சில்லுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வார்டின் ஒரே உண்மை என்று தான் நம்பிக்கொண்டிருந்தது அத்தனையிலும் கவனமாகச் செய்யப்பட்ட பொய் என்பது அவருக்குக் கோபத்தைத் தந்திருக்க வேண்டும். கோபம் வரவில்லை. தெருவில் மற்ற வீடுகளில் பளபளத்த சில்லுகளைப் பார்த்துப் பார்த்து ‘உடையவில்லை’ என்று எழுதிய கைதானே இதுவும் என்று தோன்றியது. அந்த வீடுகளிலும் யாராவது ஒரு அக்கா சுவர் பக்கம் தலைவைத்துப் படுத்திருப்பாள். அதை அவர் இதுவரை நினைக்காமல் இருக்கக் கற்றுவைத்திருந்தார்.

“அக்கா, கட்டில கூடத்துக்கு இழு,” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

வாசலில் மேடை போடுகிறவரும் அவருடைய ஆட்களும் கடைசிப் பலகையை அடித்துக்கொண்டிருந்தார்கள். சில்லுக்காரர் மரக்கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்ல கனம், நல்ல உயரம். பின் சந்தில் நின்று அந்தச் சுவருக்கு முட்டுக் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

“மேடையப் பிரிங்க. இந்த மரமெல்லாம் எனக்கு வேணும்.”

மேடைக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“சார், இன்னும் கொஞ்ச நேரத்துல கமிஷனர் வந்துடுவார்.”

“மேடை இல்லேன்னா கமிஷனர் விழமாட்டார். இந்தச் சுவர் விழும்.”

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து ‘பரிசீலிக்கலாம்’ இல்லாமல் வந்த முதல் வாக்கியம் அது. மேடைக்காரருக்கு அந்த விவரம் தெரியாது. ஆனால் குரலில் ஏதோ இருந்தது. பிரித்தார்கள். கொத்தனாரை டிரிலை நிறுத்தச் சொல்லி, கல்வெட்டை ஏற்கெனவே போட்டிருந்த துளைகளிலேயே மாட்டிவிட்டுப் பின் சந்துக்கு வரச்சொன்னார். மாமா கூப்பிடாமலே வந்து, மரங்களுக்கு அளவெடுத்தார். முட்டுக் கால்கள் சுவரில் எங்கே, எந்தச் சாய்வில் பொருந்த வேண்டுமோ அங்கே இம்மி இடைவெளி இல்லாமல் வெட்டிக் கொடுத்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசி முட்டை அடித்து இறுக்கிக்கொண்டிருந்தபோது பொறியாளர் சந்துக்குள் வந்தார். மேடை இருந்த இடத்தில் நாலு குழிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“என்ன ஓவர்சியர் இது? இந்த வீட்டுலதான் கல்வெட்டு.”

“ஆமா சார். அதான் சீக்கிரம் முட்டுக் கொடுக்கிறேன்.”

பொறியாளர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “உங்க ரிப்போர்ட்ல உடையலேன்னு இருக்கு.”

“இப்பவும் உடையல சார். நீண்டிருக்கு.”

“கண்ணாடி எப்படிங்க நீளும்?”

“நம்ம திட்டத்துல நீளுது சார்.”

பொறியாளரைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், சில்லுக்குக் கீழே சில்லை வைத்துக் காட்டினார். படித்த மனிதர், உடனே புரிந்தது. புரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இது வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்பது.

விழா தரையில் நடந்தது. ஆணையர் காரிலிருந்து இறங்கி மேடையைத் தேடினார்; இல்லை. பொறியாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். ஆணையர் தலையசைத்துவிட்டு, மக்களோடு மக்களாக, அதே மண்ணில் நின்று பேசவே தாம் விரும்பியதாகப் பேச்சைத் தொடங்கினார். நல்ல கைதட்டல் கிடைத்தது. இந்தக் கட்டடங்களின் உறுதிக்குக் காரணம் மக்களின் ஒத்துழைப்பு என்று அவர் சொன்ன இடத்தில், வெளிர்நீலச் சுவர்களின் கீழே நின்ற குடித்தனக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். மறுநாள் செய்தித்தாளில் ஆணையரின் எளிமையைப் பாராட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த விழாவுக்கும் மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி.

மேடையைப் பிரித்ததற்கு ஓவர்சியரிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தார். அந்த விளக்கம் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது.

ஆனால் முட்டு என்பது மருந்தில்லை, கைத்தாங்கல்தான். சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டும். அதற்குத் திட்டத்தில் வழியில்லை. நோட்டீஸ் ஒட்டவும் வழியில்லை: ஆணையர் பெயர் பொறித்து, உறுதிமிக்கது என்று கல்லில் எழுதிய வீட்டு வாசலில், உயிருக்கு ஆபத்து என்று காகிதத்தில் எழுதி ஒட்ட எந்த அதிகாரி துணிவார்? வீட்டை ஆபத்தானது என்று சொல்ல முடியாது, விழவும் விடக்கூடாது. பொறியாளர் தூக்கமில்லாமல் தவித்தார். சில்லுக்காரர்தான், எதையோ யோசித்துக்கொண்டே பேசுகிறவர் மாதிரி, கல்வெட்டுகளைப் பராமரிக்க மாநகராட்சியில் தனி ஏற்பாடு இருக்கிறதே என்று சொன்னார்.

“கல்வெட்டு முன்சுவருல இருக்கு ஓவர்சியர். கட்ட வேண்டியது பின்சுவரு.”

“பின்சுவரு போனா முன்சுவரு நிக்குமா சார்?”

பொறியாளர் பேனாவைத் திறந்தார். “இத முதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்றார்.

‘கல்வெட்டு முன்சுவரில் உள்ளது, முன்சுவர் வீட்டின் பகுதி, வீடு பின்சுவரைச் சார்ந்து நிற்கிறது’ என்று பொறியாளர் எழுதி அனுப்பினார். அந்தத் திட்டத்தில் எழுதப்பட்டவற்றில் பிழையில்லாத ஒரே வாசகம் அதுவாகத்தான் இருக்கும். அனுமதி வந்தது. பின்சுவரைப் பிரித்து, அடித்தளத்திலிருந்து கட்டினார்கள். ஒரு முழக் கல்வெட்டைக் காப்பாற்ற ஒரு முழுச் சுவர்.

சுவர் எழும்புவதைத் தெரு பார்த்தது. முதல் நோட்டீஸைப் புரிந்துகொண்ட வேகத்திலேயே இதையும் புரிந்துகொண்டது. எங்கள் வீட்டுக்கும் ஒரு கல்வெட்டு வேண்டும் என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் கோரிக்கை கிளம்பியது. ஆணையருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. மக்களுக்குத் தம் பெயரின் மேல் இத்தனை பிரியமா என்று பொறியாளரிடம் கேட்டாராம். எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் முடியாது, தகுதியான வீடுகளாகப் பார்த்து வரிசைப்படுத்திக் கொடுங்கள் என்றார். அந்தப் பொறுப்பு சில்லுக்காரருக்கு வந்தது.

அவர் மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினார். இப்போது சில்லு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பையிலிருந்து புதுச் சில்லை எடுத்து, சுவரில் இருப்பதன் கீழே வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் சிரித்துவிட்டு, இன்னும் காலம் ஆகட்டும் என்பார். சுவரில் இருப்பது நீளமாக இருந்தால் அந்த வீட்டின் பெயரை வரிசையில் மேலே ஏற்றுவார். அத்தனை வீட்டுச் சில்லும் மாமா வெட்டியவை. அத்தனையும் அவரே போய் அளந்து, பொட்டுக்குப் பொட்டு பொருத்தமாக வெட்டியவை. கொஞ்சம் சந்தேகம் வந்தால் கடைக்குப் போய் மாமாவிடம் கேட்பார். மாமா முதலில் பிடிகொடுக்கவில்லை. பிறகு, தன் வேலையின் நுணுக்கத்தை மதிக்க உலகத்தில் ஒரு ஆளாவது இருக்கிறானே என்ற நினைப்பில் மளமளவென்று சொல்லத் தொடங்கினார்.

இப்படியாக, வார்டிலேயே மிக மோசமான வீட்டுக்கு இரண்டாவது கல்வெட்டு கிடைத்தது. கல்லின் கனம் தாங்காது என்பதால் அதை மட்டும் தகரத்தில் செய்யச் சொன்னார் சில்லுக்காரர். அதைத் திறந்துவைக்க வந்த ஆணையர், இவ்வளவு எளிமையா என்று வியந்தார். தெருவில் புதிதாக வருகிற யாராவது, வாசலில் பெயர்ப்பலகை மின்னுகிற வீடுகளைப் பார்த்து, இங்கே பெரிய மனிதர்கள் பிறந்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டு போவதுண்டு. நேர்மையான வழியில் இத்தனை சுவர்களைக் கட்டியிருக்க முடியுமா என்று சில்லுக்காரர் தன்னைக் கேட்டுக்கொள்வார். முடியாது என்ற பதிலில் அவருக்குச் சந்தோஷம் இல்லை.

அக்காவின் பின்னறைச் சுவர் காய்ந்த பிறகு, ஒரு சில்லு ஒட்டிவிட்டுப் போ என்று அவளே கூப்பிட்டாள். புதுச் சுவரில் விரிசலே இல்லையே என்றார். இருந்தாலும் ஒட்டு என்றாள். பக்கச்சுவரும் பின்சுவரும் சேருமிடத்தில், இரண்டு பொட்டு சிமெண்ட் வைத்து ஒட்டினார். தேதியை எழுதினார். அக்கா பக்கத்தில் நின்று, அவர் கை எழுத்தை மனப்பாடம் பண்ணுகிறவள் மாதிரி பார்த்தாள்.

“மாமா மறுபடி மாத்திட்டா?” என்று கேட்டார், பாதி விளையாட்டாக.

“மாத்தமாட்டார். கட்டில் அங்கேயேதான் இருக்கு, பாரு.”

கட்டில் பழைய இடத்தில், சுவரை ஒட்டி, சில்லுக்கு நேர்கீழே தலைமாடு வைத்துக் கிடந்தது. அதன்மேல் மாமாவின் துண்டும் தலையணையும் இருந்தன.

“நான் கடையில படுத்துக்கிறேன்,” என்றாள் அக்கா. “அங்கதான் நல்லா காத்து வருதாம்.”

வார்டில் எல்லாச் சில்லுகளையும் சில்லுக்காரர் இன்றைக்கும் அளந்து பார்க்கிறார். அந்த ஒன்றை மட்டும் அளப்பதில்லை.